மார்கழிச் சென்னையில் கோலம், பொங்கல், கச்சேரி, கேன்டீன்: முதல் முறை வருகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியூரிலிருந்து யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். "மார்கழி பார்க்கணும், கச்சேரி கேட்கணும், சபா கேன்டீனில் சாப்பிடணும்" என்பார்கள் (சபா என்பது கச்சேரிகளை நடத்தும் அமைப்பு). மூன்று நாள் கழித்து விசாரித்தால் ஒரு கச்சேரியையும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள், வயிறு கலங்கியிருக்கும், விடியற்காலைக் கோலத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆசையில் குறை இல்லை, எதை எப்போது செய்வது என்ற வரிசைதான் தவறிப்போகிறது. இந்த ஊரில் மார்கழி நாள் விடிவதற்கு முன்பே தொடங்கி இரவு ஒன்பதரை வரை போகும். அதை வயிறும் காதும் தாங்கும்படி பிரித்துக்கொள்ள வேண்டும். பலரைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எனக்குப் படிந்த வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறந்து ஜனவரி 13 வாக்கில் முடியும். ஆனால் மாதம் முழுக்க எல்லாமே ஒரே அளவில் நடக்கும் என்று நினைத்து வராதீர்கள். பாட்டுக் கச்சேரிகளும் கேன்டீன்களும் உச்சத்தில் இருப்பது டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி 1 வரை. அதற்குப் பிறகு பல மேடைகள் நாட்டியத்துக்கு மாறும், சில கேன்டீன்கள் மூடிவிடும். சாப்பாடும் சங்கீதமும் சேர்ந்து வேண்டும் என்றால் டிசம்பர் 18 முதல் 30க்குள் வாருங்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பெரிய கோலப் போட்டி பார்க்க வேண்டுமானால் ஜனவரி முதல் பாதிதான் சரி.

வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, அனுமன் ஜெயந்தி மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், பஞ்சாங்கம் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஏகாதசியன்று திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் சொர்க்கவாசல் திறப்பதற்கு முன்னிரவே வரிசை தெருவைத் தாண்டிவிடும். வீடுகளிலும் அன்று பலர் அரிசி சமைக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்காக வருகிறவர் அந்த நாளைத் தவிர்க்கலாம், கோயிலுக்காக வருகிறவர் அந்த நாளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்தால் இரண்டும் கிடைக்காது. திருவாதிரைக்கு நேர்மாறாகச் சொல்வேன்: தெரிந்தவர் வீடு ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் அன்று போய்விடுங்கள், களியும் ஏழு காய் போட்ட கூட்டும் எந்தக் கேன்டீனையும் விட வீட்டில்தான் ருசி.

முடிந்தால் வார நாளில் வாருங்கள். சனி, ஞாயிறு கேன்டீன் வரிசையில் நிற்பதிலேயே ஒரு கச்சேரி நேரம் போய்விடும்.

2. முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டியவை

சால்வை அல்லது மெல்லிய ஸ்வெட்டர். விடியற்காலைக்கு என்று நினைப்பீர்கள், சென்னைக் குளிர் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போகாது. சால்வை தேவைப்படுவது அரங்கின் ஏசிக்குத்தான், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் உறைந்துவிடும்.

குடை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் வரும். வர்தா புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டது 2016 டிசம்பர் 12 அன்று, அதாவது மார்கழிக்கு நாலு நாள் முன்பு.

சில்லறை நோட்டுகள். செல்போனில் பணம் அனுப்புவது எல்லா இடத்திலும் உண்டு என்றாலும் கூட்டமான நேரத்தில் சிக்னல் இழுக்கும், அப்போது உங்களுக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஷூ வேண்டாம், கோயில் வாசலில் நேரம் போகும்.

கடைசியாக, நிகழ்ச்சி நிரல். நவம்பர் கடைசியிலிருந்தே சபாக்கள் வெளியிட ஆரம்பித்துவிடும். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சபா என்று குறித்துக்கொள்ளுங்கள், அதிகம் போனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு. மூன்று சபா குறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆட்டோவில் உட்கார்ந்த நேரம்தான் அவர்களுக்கு மிச்சம்.

3. காலை 4.30: கோலமும் பஜனையும்

அலாரம் நாலு மணிக்கு. இதில் சமரசம் கிடையாது, ஏனென்றால் இந்த ஊர் வேறெப்போதும் காட்டாத முகம் இது. சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் உதிக்கும், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மாட வீதிகளில் வண்டிச் சத்தம் குறைவு.

மயிலாப்பூர்க் குளத்தருகே வந்து தெற்கு, மேற்கு, வடக்கு மாட வீதிகளில் மெதுவாக நடங்கள். வாசல் தெளிக்கிறவர்களும் கோலம் போடுகிறவர்களும் அப்போதுதான் தொடங்கியிருப்பார்கள். முடிந்த கோலத்தைப் பார்ப்பதைவிடப் புள்ளி வைப்பதிலிருந்து பார்ப்பது அழகு. சில வாசல்களில் சாண உருண்டையில் பரங்கிப் பூ செருகி நடுவில் வைத்திருப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, நேராக கேமராவை நீட்டுவது. அந்த அம்மா தூக்கம் கலைந்து, நைட்டியில், தலை கூடச் சீவாமல் வந்து நிற்கிறார். "அம்மா, கோலத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் உங்கள் கையிலும் மாவைக் கொடுப்பார்கள். சும்மா ஆசைக்கு வாங்காமல் ஒரு இழை போட்டுப் பாருங்கள்.

பஜனைக் கோஷ்டி வந்தால் பின்னால் சேர்ந்துகொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு சுற்றிய அதே வீதிகள் இவை. பாட்டுத் தெரியாவிட்டால் தாளம் போடுங்கள். கோஷ்டிக்கு முன்னால் ஓடிப்போய் வீடியோ எடுக்காதீர்கள், நடப்பவர்களுக்கு இருட்டில் கால் தடுக்கும்.

4. கோயில் பொங்கல்: கொஞ்சமாக, சூடாக

மார்கழியில் கோயில்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே நடை திறக்கும். பெருமாள் கோயிலில் திருப்பாவை, சிவன் கோயிலில் திருவெம்பாவை முடிந்து, தீபாராதனைக்குப் பின் தொன்னையில் வெண்பொங்கலோ சர்க்கரைப் பொங்கலோ கொடுப்பார்கள். முதலில் தரிசனம், பிறகு பிரசாதம். பிரசாத வரிசையில் மட்டும் போய் நின்றுவிட்டுக் கிளம்புவது அங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

பெரிய கோயிலில்தான் கிடைக்கும் என்றில்லை. என் அனுபவத்தில் தெருமுனைச் சின்னக் கோயில் பொங்கல்தான் ருசி, குறைவாகச் செய்வதால் நெய்யும் மிளகும் சரியாகச் சேரும், உங்கள் கைக்கு வரும்போதும் ஆவி பறக்கும். தொன்னையைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், கையைத் தூணில் துடைக்காதீர்கள்.

முக்கியமான விஷயம்: இரண்டாவது தொன்னை வாங்காதீர்கள். வெண்பொங்கல் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்தது, வயிற்றில் நின்று கண்ணை இழுக்கும். அடுத்து ஒரு முழு நாள் இருக்கிறது.

5. காலை 7 முதல் 10 வரை: காபி, அப்புறம் காது

பொங்கல் சாப்பிட்டவருக்குத் தனியாகக் காலை உணவு தேவையில்லை. ஒரு டிகிரி காபி போதும். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், "சபா கேன்டீனில் காலை டிபனும் பார்த்துவிடலாமே" என்று இட்லி, வடை, ரவா தோசை என்று ஒரு சுற்று முடித்துவிடுவார்கள். மதிய இலைக்கு முன்னால் உட்காரும்போது பசி இருக்காது.

காலையில் மியூசிக் அகாடமியில் விளக்கவுரைகள் நடக்கும். அவற்றைக் கேட்க டிக்கெட் வேண்டாம். ஒரு ராகத்தையோ பாட்டு இயற்றி மெட்டும் அமைத்த ஒரு வாக்கேயக்காரரின் உருப்படிகளையோ (பாடல்களையோ) எடுத்துக்கொண்டு பாடிக் காட்டி விளக்குவார்கள். சங்கீதம் தெரியாதவருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். தெரியாதவருக்குத்தான் இது, காலையில் ஒரு ராகத்தின் பெயரும் சாயலும் காதில் விழுந்திருந்தால் மாலையில் அதே ராகம் வரும்போது உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்றால் அந்த வேலையையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். சில சபாக்களில் அன்றைய டிக்கெட்டை அன்று காலை கவுண்டரில் கொடுப்பார்கள், சில இடங்களில் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். பெரிய பெயர் பாடும் நாளில் மாலை ஐந்து மணிக்குப் போய்க் கேட்டால் இல்லை என்பார்கள்.

6. மதியச் சாப்பாடு: 11.30க்கு வரிசையில் இருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்த நேரத்தை வையுங்கள். பதினொன்றரைக்குப் போனால் முதல் அல்லது இரண்டாம் பந்தி. ஒரு மணிக்குப் போனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் மோர் சாதம் முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஸ்பெஷல் காய் ஒன்றிரண்டு தீர்ந்தும் போயிருக்கும்.

எந்தக் கேன்டீன்? ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு கைமாறும், அதனால் சபாவின் பெயரைவிட அந்த ஆண்டு சமைப்பவர் யார் என்று விசாரிப்பதுதான் இந்த ஊர் வழக்கம். அறுசுவை அரசு நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர், மின்ட் பத்மநாபன் என்று சமையல்காரர்களின் பெயரைச் சொல்லித்தான் ரசிகர்கள் சபாவைத் தேடிப் போவார்கள். போன ஆண்டு நன்றாக இருந்த இடத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்து இருக்கையில் இருக்கும் மாமாவிடம் "இந்த வருஷம் எங்க நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். சபா சபாவாகச் சாப்பிட்டுப் பார்த்தவர் அவர், பத்து நிமிஷம் சொல்லுவார், அத்தனையும் பயன்படும். கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் பெரும்பாலும் தேவையில்லை.

முறை இதுதான். முதலில் பணம் கட்டி டோக்கன். அப்புறம் பந்திக்காகக் காத்திருப்பு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகில் ஒட்டி நிற்காதீர்கள், இரண்டடி தள்ளி நில்லுங்கள், எழுந்ததும் இடம் உங்களுக்கு வரும். இலையின் நுனி உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும், மாறியிருந்தால் திருப்பிக்கொள்ளுங்கள். காய்களெல்லாம் இலையின் மேல் பாதியில், சாதம் கீழ்ப் பாதியில். வலது ஓரத்தில் ஒரு சொட்டுப் பாயசம் விழும்.

வரிசை பெரும்பாலும் பருப்பு நெய், சாம்பார், சில இடத்தில் வற்றக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், பாயசம், மோர். புதியவர்கள் சாம்பாருக்கே சாதத்தைக் குவித்து வாங்கிவிடுவார்கள். பரிமாறுகிறவர் தாராளமாகப் போடுவார், நீங்கள்தான் கையைக் குறுக்கே காட்டி நிறுத்த வேண்டும். சாம்பாருக்கு ஒரு கைப்பிடி, ரசத்துக்கு இரண்டு கைப்பிடி, மோருக்கு ஒன்று என்பது என் கணக்கு. ரசத்துக்கு ஏன் அதிகம் என்றால் நல்ல சமையல்காரரின் கை ரசத்தில்தான் தெரியும். சாம்பாரைக் காய் காப்பாற்றிவிடும், ரசத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

வேண்டாத பதார்த்தத்தை விழும் முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள், இலையில் விட்டு எழுவது இங்கே மரியாதை இல்லை. முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

7. மதியம் 1 முதல் 4 வரை: இலவசக் கச்சேரிகள்

மதிய நேரத்தை இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் இலவசம். அரங்கு பாதி காலியாக இருக்கும், முன் வரிசையில் உட்காரலாம். இன்றைக்குப் பெரிய பெயராக இருக்கிறவர்கள் பலர் இந்த மதிய மேடையில் ஏறி வந்தவர்கள்தான்.

சாப்பிட்ட உடனே உள்ளே போய் உட்காராதீர்கள், தூங்கிவிடுவீர்கள். என் சித்தி பையன் முதல் வருகையில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு நேராக அரங்கில் போய் உட்கார்ந்தான், ஆலாபனை ஆரம்பித்தபோது மூடிய கண்ணைக் கடைசிப் பாட்டான மங்களத்துக்குத்தான் திறந்தான். பாடிய பெண்ணுக்கு வயது இருபது இருக்கும், எதிரே முதல் வரிசையில் ஒருவர் தலை சாய்ந்து தூங்குகிறார் என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இருபது நிமிஷம் வெளியே நடந்துவிட்டுப் போங்கள். தூக்கம் வந்தே தீரும் என்றால் அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து வருவது மேல்.

8. மாலை டிபன்: கச்சேரிக்கு முன்னால், நடுவில் அல்ல

மதியக் கச்சேரி முடியும் நேரமும் மாலைக் கச்சேரி தொடங்கும் நேரமும் சந்திக்கும் அந்த அரைமணியில் கேன்டீனில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

சபா டிபனின் தனித்தன்மை, நாளுக்கு நாள் மாறும் பட்டியல். வாசலில் பலகையில் எழுதியிருப்பார்கள். கீரை வடை, வாழைப்பூ வடை, அடை அவியல், சேவை, போளி, காசி அல்வா இப்படி. ஹோட்டலில் என்றைக்கும் கிடைக்கிற மசாலா தோசையை இங்கே வந்து வாங்காதீர்கள். அன்றைக்கு மட்டும் போடுவது எதுவோ அதைக் கேளுங்கள்.

இருவராகப் போனால் நான்கு பதார்த்தம் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், ஒன்று இனிப்பு, ஒன்று வடை, இரண்டு பலகாரம். தனியாகப் போனால் ஒரு பலகாரமும் ஒரு வடையும். அடை அவியலோடு நிறுத்துவது நல்லது, அதற்கு மேல் ஒரு அல்வா என்று போனால் கச்சேரியில் நெளிவீர்கள். காபியைக் கடைசியாக வாங்குங்கள், முதலிலேயே வாங்கினால் வடை வருவதற்குள் ஆறிவிடும்.

9. மாலைக் கச்சேரி: தனியின்போது எழுந்து போகாதீர்கள்

எனக்கு மனசு வலிக்கிற விஷயம் இது. பிரதான உருப்படி முடிந்ததும் தனி ஆவர்த்தனம் வரும். மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மட்டும் வாசிக்கும் பகுதி. அந்த நேரம் பார்த்து நூறு பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். ஒன்றரை மணி நேரம் பாட்டுக்கு அனுசரணையாக வாசித்தவருக்கு முழுதாகக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிஷம்தான், அப்போது அவர் எதிரே பார்ப்பது போகிறவர்களின் முதுகை. டிபனை முன்பே முடிக்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தாளக் கணக்குத் தெரியாவிட்டாலும் தாளத்தை மட்டும் கையில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பேரும் மாறி மாறி வாசித்து, துண்டுகள் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து ஒரு இடத்தில் வந்து விழும்போது உங்களுக்கே தெரியும்.

எழுந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தாலும் மர நாற்காலியில் கேட்கும். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் கொண்டுபோகவே வேண்டாம்.

இரவுக்கு மோர் சாதமோ இரண்டு இட்லியோ போதும். மறுநாளும் நாலு மணி இருக்கிறது.

10. டிசம்பர் 24, 25 இங்கே இருந்தால்

சாந்தோம் பேராலயம் மயிலாப்பூர்க் குளத்திலிருந்து நடந்தே போகிற தூரம். 24 இரவுத் திருப்பலிக்குக் கூட்டம் அதிகம், வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. குடிலை அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் 26 காலை போங்கள்.

பிளம் கேக்கை பேக்கரியில் 20ஆம் தேதிக்குள் சொல்லிவையுங்கள், 24 மாலை மிச்சமிருப்பதில்தான் கை வைக்க முடியும். கிறிஸ்தவ நண்பர் வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், அச்சு முறுக்கும் கல்கலும் அதிரசமும் வீட்டில் சுட்டது போலக் கடையில் வராது. வெறுங்கையோடு போகாமல் பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

11. கூடாரவல்லிக்கு வீட்டிலேயே அக்காரவடிசல்

ஜனவரி 11 வாக்கில், மார்கழி 27ஆம் நாள். அன்றைய திருப்பாவைப் பாசுரத்தில் நெய் முழங்கை வழிய வேண்டும் என்று ஆண்டாளே அளவு சொல்லிவிட்டதால் இதில் நெய்யைக் குறைக்க யாருக்கும் மனசு வராது. அது வரைக்கும் ஊரில் தங்கினால், இல்லை ஊர் திரும்பிவிட்டாலும், அடுப்பில் ஏற்றிப் பாருங்கள்.

பச்சரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், பால் ஒரு லிட்டர், பொடித்த வெல்லம் இரண்டு கப், நெய் அரை முதல் முக்கால் கப், ஏலக்காய், முந்திரி, திராட்சை. அரிசியையும் பருப்பையும் கழுவி வடித்து, ஒரு கரண்டி நெய்யில் வாசம் வரும் வரை வறுத்து, கனமான உருளியில் ஒரு கப் தண்ணீரும் பாதிப் பாலும் விட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். மிச்சப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே கிளற வேண்டும், முக்கால் மணி நேரமாவது ஆகும். குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகும், ஆனால் பால் சுண்டிச் சுண்டி வரும் அந்த வாசனை வராது.

இரண்டு இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். ஒன்று, அரிசி முழுக்கக் குழையும் முன் வெல்லத்தைப் போடுவது. வெல்லம் விழுந்த பின் அரிசி மேற்கொண்டு வேகாது, அப்படியே விறைத்துக்கொள்ளும். விரலால் நசுக்கினால் வெண்ணெய் போல மசிய வேண்டும், அது வரை பொறுங்கள். இரண்டு, கொதிக்கிற வெல்லப் பாகைக் கொதிக்கிற பாலில் ஊற்றுவது. திரிந்துவிடும். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிட்டு, அடுப்பை அணைத்து உருளியும் சற்று ஆறிய பிறகு சேருங்கள். கலந்ததும் மறுபடி சின்னத் தீ, நெய்யைப் பிரித்துப் பிரித்து ஐந்தாறு முறையாக, கடைசியில் ஏலக்காயும் நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சையும்.

கரண்டியிலிருந்து தளர்வாக வழிகிற பதத்திலேயே இறக்கிவிடுங்கள், ஆறினால் தானாக இறுகும். மறுநாள் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடாமல் சூடான பால் அரைக் கப் விட்டுக் கிளறுங்கள்.